பதினாறாவது படி

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்குத் தருவார்கள்.
ஞாயிறு ஆராதனைக்கு முன்னால், ஐந்தரைக்குள்,
துடைத்துத் திருப்பித் தந்துவிட வேண்டும்.
கோத்தகிரியில் எங்களுக்குக் கிடைத்தது
அந்தச் சபையின் டிரம்ஸ்தான்,
அந்த ஒரு ராத்திரிதான்.

பாட்டு வாசிக்க நேரமில்லை.
பாட்டே இன்னும் எழுதியிருக்கவில்லை.
"ஒவ்வொண்ணா அடி" என்றேன் போஜனிடம்.
"பூனை நடக்கிற மாதிரி ஆரம்பிச்சு
கதவை உடைக்கிற வரைக்கும், பதினாறு படி.
படிக்கு ஏழு தடவை.
நடுவுல பேசாதே."

இலைச் சாக்கு இரண்டு, கம்பளி ஒன்று
கிக்கின் வயிற்றுக்குள் திணித்தோம்.
மைக் நான்கு. அதில் ஒன்று மண்டபத்து மைக்,
பச்சை டேப் சுற்றியது, இரண்டு முறை "ஹலோ" சொன்னால்தான் விழிக்கும்.
அவன் அடிப்பான்.
அப்புறம் இரண்டு பேரும் சிலை.
சிம்பலின் கடைசித் துகள் சுவரில் போய் உட்காரும் வரை
எச்சில்கூட விழுங்கமாட்டோம்.

வெளியே ஃபேக்டரியில்
இலை வாட்டும் மின்விசிறிகள் விடிய விடிய.
சீசன் நேரம், நிறுத்தச் சொல்ல நாங்கள் யார்?
எல்லா அடிக்கும் அடியில் அந்த உறுமல் இருக்கிறது.
ஸ்நேரைக் கடைசிக்கு வைத்திருந்தோம்.
பதினாறாம் படி, நான்காம் தடவை:
அடியின் வாலைப் பிடித்துக்கொண்டு
நாலு நாற்பது மேட்டுப்பாளையம் பஸ்ஸின் ஹாரன்.
இன்னொன்று எடுக்க அவனுக்குக் கையில்லை.

எழுநூற்று எண்பத்து நான்கு அடிகளை
என்னிடம் விட்டுவிட்டு
போஜன் ஓசூர் போனான், பிரேக் செய்யும் கம்பெனிக்கு.

பகலில் ஆதாரில் அப்பா பெயரைத் திருத்தும் அதே லேப்டாப்பில்
ராத்திரியில் அவனைக் கட்டினேன்.
வெளிநாட்டு டிரம்ஸும் வைத்திருந்தேன், அறுபது ஜிபி,
ஏதோ குளிர்நாட்டு மரக்கூடத்தில் எடுத்தது.
ஒரு தூசி இல்லை.
ஃபிலோமினா கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"நல்லாத் தூங்கி எழுந்தவன் அடிக்கிற மாதிரி இருக்கு."
அதன் கிக்கை மட்டும் எடுத்து
போஜனின் கிக்குக்குள் எலும்பாகச் செருகினேன்.
அதன்மேல் நின்றுதான் அவள்
'அரைக் கிலோ கழிவு, அரைக் கிலோ கழிவு' என்று
எடைத்தட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்து.
ஒவ்வொரு அடியின் வாலையும் கேட் வைத்து அறுத்தேன்.
விசிறி உறுமல் துண்டு துண்டாக விழுந்தது.
ஏழு அடிக்கு ஒரு முறை
பஸ் வாயைத் திறக்கும், உடனே அடைத்துவிடுவேன்.

ஹெத்தை பண்டிகைக்கு வந்தவன்
முண்டாசைக் கழற்றாமல் அதன் மேலேயே ஹெட்போனை மாட்டினான்.
"யாருடா வாசிக்கிறது?"
"நீதான்."
மேஜையில் விரலால் கூடவே ஓடிப் பார்த்து
இரண்டாவது வளைவில் விழுந்தான்.
"இங்க மூணு கை வேணும்டா."
"கொடுத்திருக்கேன்ல."

ரொம்ப நாளாய்க் கேட்க நினைத்ததைக் கேட்டேன்:
"அந்தப் பதினாறாவது படி. யார் மேலடா அவ்வளவு கோபம்?"
"கோபமா?
குளிருடா. கை மரத்துப்போச்சு. சூடேத்த அடிச்சேன்."

ஆல்பம் முழுக்க
ஆயிரத்து நூற்று நாற்பது இடத்தில்
அதைக் கோபம் என்று வைத்திருக்கிறேன்.
சொல்லவில்லை. அவன் பாட்டுக்கு
ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டி
முதலிலிருந்து ஓடவிட்டுக்கொண்டிருந்தான்.

"மெதுவா வை. கத்துக்கணும்."
"எதை?"
"நான் வாசிச்சதை."

தொண்ணூறுக்கு இறக்கினேன். போதாது என்றான்.
அறுபது. கேட்டையும் எடுத்துவிட்டேன்.
அடிக்கும் அடிக்கும் நடுவே
ஃபேக்டரி முழுசாகத் திரும்பி வந்தது.
அவன் பென்சிலை ஓங்கியபடி காத்திருந்தான்.
பஸ் ஹாரன் அடித்து,
கியர் மாற்றி,
வளைவைத் தாண்டிப் போகும் வரை
அடுத்த அடி வரவில்லை.